ஊமைப் படமும் பேசும் படமும் கண்ட டி. பி. ராஜலட்சுமி



படம் ஓடும், ஆனால் பேச்சு வராது. நடிகையின் உதடு அசையும், குரல் கேட்காது. இப்படியும் ஒரு காலம் இருந்தது. அதைத்தான் ஊமைப்படக் காலம் என்கிறோம்.

கதை எப்படிப் புரிந்தது? இடையிடையே திரையில் எழுத்துக்கள் வரும். படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கொட்டகையில் ஒருவர் நின்று உரக்கக் கதை சொல்வார். ஊரிலிருந்து வந்த கடிதத்தை லயத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் சுற்றி அமர்ந்து கேட்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். நடிப்போர்க்கோ முகமும் கையுமே மொழி.

அந்தக் காலத்தில் திரைக்கு வந்தவர் டி. பி. ராஜலட்சுமி. 1911-ல் தஞ்சை மாவட்டத்துத் திருவையாற்றில் பிறந்தவர். விளையாடும் வயதிலேயே மணம் முடித்துவிட்டார்கள். அது நிலைக்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்காகச் சிறுமியாகவே நாடக மேடை ஏறினார். பெண்கள் மேடையேறுவதை ஊர் ஏளனமாகப் பார்த்த நாட்கள் அவை. ஆனாலும் அந்த மேடையில்தான் அவர் பாட்டையும் வசனத்தையும் கற்றுக்கொண்டார்.

1929-ல் வெளிவந்த ‘கோவலன்’ என்ற ஊமைப் படத்தில் நடித்தார். அங்கே அவருடைய பாட்டுக்கு வேலையே இல்லை.

1931-ல் நிலைமை மாறியது. திரை பேசத் தொடங்கியது. அப்போது பின்னணிப் பாடகர்கள் கிடையாது. நடிப்பவரே கேமராவுக்கு முன் நின்று பாட வேண்டும். மொழியும் குரலும் இல்லாதவர்கள் திண்டாடினார்கள். ஊமைப் படங்களில் புகழின் உச்சியில் இருந்த பம்பாய் நடிகை சுலோசனாவே படப்பிடிப்பை நிறுத்திவிட்டு, இந்துஸ்தானி மொழி கற்றுக்கொண்டு திரும்ப வேண்டியிருந்தது.

ராஜலட்சுமிக்கோ மேடையில் கற்றது கைகொடுத்தது. 1931 அக்டோபர் 31-ல் சென்னையில் வெளியான ‘காளிதாஸ்’ படத்தின் கதாநாயகி அவரே. தமிழின் முதல் பேசும் படம் என்று போற்றப்படும் அதில் கதாநாயகர் தெலுங்கில் பேச, இவர் தமிழில் பேசிப் பாடினார். 1936-ல் ‘மிஸ் கமலா’ படத்தைத் தாமே எழுதி, தயாரித்து, இயக்கி நடித்தார். தமிழ்த் திரையின் முதல் பெண் இயக்குநர் அவர்தாம். 1964-ல் மறைந்தார்.

நேயர்களே, தொழில் மாறுவது நமக்குப் புதிதா? நெகிரி செம்பிலானில் பால்மரங்கள் சாய்ந்து செம்பனை எழுந்ததைக் கண்டோம். நீலாய்ப் பக்கம் தோட்டங்களே ஊர்களாகிவிட்டன. பால்வெட்டு ஒன்றையே அறிந்த கைகள் அப்போது எவ்வளவு தவித்தன! இன்னொரு வேலை தெரிந்தவர்களோ சீக்கிரம் நிமிர்ந்தார்கள்.

ஆகவே, வீட்டில் பெண்பிள்ளை தையலோ, கணக்கோ, கணினியோ கற்க விரும்பினால், “இது எதற்கு உனக்கு?” என்று கேட்டுவிடாதீர்கள். ஊமைப் படத்தில் பயன்படாத பாட்டுத்தான் பேசும் படத்தில் ராஜலட்சுமிக்குச் சோறு போட்டது.