'ஸ்மோக் ஆன் தி வாட்டர்': ஒரு ராக் பாட்டு சிவகாசிக்குச் சொல்வது என்ன?

1971 டிசம்பர் 4. சுவிட்சர்லாந்தின் மான்ட்ரூ கேசினோவில் ஃபிராங்க் ஸப்பாவின் கச்சேரி. கூட்டத்தில் ஒருத்தர் ஃபிளேர் துப்பாக்கியால் மேலே சுட, கூரை பற்றிக்கொண்டது. ஆல்பம் பதிவு செய்ய அங்கே வந்திருந்த பிரிட்டிஷ் ஹெவி ராக் குழு டீப் பர்ப்பிள், ஏரிமேல் படர்ந்த புகையைப் பாட்டாக்கியது.

கேசினோ எரிந்து போனது. ஆனால் யாரும் சாகவில்லை. எப்படி? ஸப்பா இசையை நிறுத்தி, பதறாமல் வெளியேறச் சொன்னார். கூட்டம் நெருப்பைவிட்டு விலகியது.

சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5-ல் நடந்ததோ நேர்மாறு. பட்டாசு ஆலை எரிந்தபோது அக்கம்பக்கத்தினர் காப்பாற்றவும் வேடிக்கை பார்க்கவும் நெருப்பை நோக்கி ஓடினார்கள். அடுத்தடுத்து வெடித்தது. 30-க்கும் மேற்பட்டோர் பலி.

மருந்து இருக்கிற இடத்தில் முதல் வெடியோடு எதுவும் முடியாது. புகை தெரிந்தால் செல்போனில் வீடியோ எடுக்க நிற்காதீங்க. விலகிப் போய் 112-க்குக் கூப்பிடுங்க.