ஒற்றை மரத்திலிருந்து ஒரு காடு

ஜப்பானியர் ஒருவரிடம் அரிதான சொல் ஒன்றைச் சொல்லி, "இதை எப்படி எழுதுவது?" என்று கேட்டுப் பாருங்கள். வாய் திறக்குமுன் விரல் அசையும். உள்ளங்கையிலோ காற்றிலோ கோடுகளை இழுத்துப் பார்க்கும். இதற்கு 'கூஷோ' என்று பெயர். வெற்று வெளியில் எழுதுதல். 1980களில் ஜப்பானிய உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சீன வழி வந்த ஜப்பானிய எழுத்தான கான்ஜியின் துண்டுகளைக் கொடுத்து, சேர்த்தால் எந்த எழுத்து வரும் என்று கேட்டார்கள். விரலை அசைக்க விட்டபோது சுலபமாக வந்த விடைகள், அசைக்கக் கூடாது என்றதும் குறைந்தன. கான்ஜி கண்ணில் மட்டுமல்ல, கையிலும் குடியிருக்கிறது.

அன்றாடப் பயன்பாட்டுக்கென ஜப்பானிய அரசு வகுத்த பட்டியலில் 2,136 கான்ஜிகள் உள்ளன. அவற்றில் 1,026 எழுத்துகளைப் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டுகளில் கற்கிறார்கள். முதல் வகுப்பில் 80. இத்தனையையும் தனித்தனிப் படங்களாக மனத்தில் ஏற்ற முயன்றால் மலைப்புத்தான் மிஞ்சும். ஆனால் அவை தனித்தனிப் படங்கள் அல்ல.

ஒரு படுக்கைக் கோடு, அதை ஊடுருவும் நெடுங்கோடு, இருபுறமும் சரியும் இரண்டு கோடுகள். நான்கே இழுப்பில் 'மரம்'. இரண்டு மரம் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் தோப்பு. மூன்று கூடினால் காடு. மரத்தருகே ஒரு மனிதன் சேர்ந்தால் ஓய்வு. அடிமரத்தில் சிறு கோடு போட்டால் வேர், மூலம், புத்தகம் என்று பொருள் விரியும். உச்சியில் நீண்ட கோடு போட்டால் 'முடிவு'. அதே கோடு குட்டையானால் 'இன்னும் இல்லை'. மனிதனும் மூலமும் சேர்ந்தால் 'உடல்'. மனிதனுக்கு வேர் உடல்தானே என்று ஒரு கதை கட்டிக்கொள்ளலாம். எழுத்தின் உண்மை வரலாறு வேறாக இருக்கலாம். நினைவுக்குக் கதை போதும். ஜேம்ஸ் ஹைசிக் என்பவர் 1977-இல் வெளியிட்ட நூல் இந்த வழியையே முழு முறையாக்கியது.

துண்டுகள் பொருளை மட்டுமல்ல, ஒலியையும் சுமக்கின்றன. 'நீலம்' என்ற எழுத்தின் சீன வழி உச்சரிப்பு 'செய்'. அதோடு சூரியன் சேர்ந்தால் தெளிந்த வானம். நீர் சேர்ந்தால் தூய்மை. பேச்சு சேர்ந்தால் வேண்டுகோள். மூன்றுக்கும் ஒலி 'செய்'. ஒரு பாதி பொருளைச் சுட்ட, மறுபாதி ஒலியைச் சொல்கிறது. கான்ஜிகளில் பெரும்பாலானவை இப்படிப் பிறந்தவையே. ஆகவே ஒலிக் குடும்பமாகச் சேர்த்துப் படித்தால் ஒன்று மற்றொன்றை இழுத்துவரும்.

பல கான்ஜிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட உச்சரிப்புகள் உண்டு. 'உயிர்' என்பதைக் குறிக்கும் எழுத்து, மாணவன் என்னும் 'கக்செய்'யில் ஒரு விதமாகவும், வாழ்தல் என்னும் 'இகிரு'வில் வேறு விதமாகவும் ஒலிக்கும். உச்சரிப்புப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, எழுத்தைச் சொல்லோடு கற்பதே நிலைக்கும்.

இவ்வளவு செய்தும் மறக்கும். 1885-இல் வெளியிட்ட ஆய்வில் ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து மறதியை அளந்தார். நினைவு முதலில் வேகமாகக் கரைந்தது, பிறகு மெதுவாக. ஒரே மூச்சில் படிப்பதைவிட பல நாளாகப் பிரித்துப் படிப்பது மேல் என்பதையும் கண்டார். 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் இதை, முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் விடையும் எழுதிய அட்டைகளை அடுக்கும், அறை பிரித்த பெட்டிக்குள் கொண்டுவந்தார். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போய் மெதுவாகத் திரும்பும். தவறிய அட்டை முதல் அறைக்கே வரும். 2006-இல் வந்த 'அங்கி' செயலியும் இதுபோன்ற இடைவெளிக் கணக்கைத்தான் செய்கிறது. அங்கி என்றால் ஜப்பானிய மொழியில் மனப்பாடம்.

இந்த அட்டைகளின் வலிமை பின்பக்கத்தைத் திருப்பும் முன் இருக்கிறது. விடையைப் பார்த்துத் தலையாட்டினால் தெரிந்ததுபோலத் தோன்றும். பார்க்காமல் உள்ளிருந்து தேடி எடுத்ததுதான் தங்கும். கொஞ்சம் மறந்தபின் முயன்று மீட்பதே நினைவுக்கு உரம்.

ஆகவே புத்தகத்தை மூடிவிட்டு, உள்ளங்கையில் நான்கு கோடு இழுங்கள். மரம். அதனருகே ஒரு மனிதன். ஓய்வு. நாளை இதே நேரம், எதையும் பார்க்காமல், மறுபடி இழுங்கள்.