பஞ்சு, நூல், துணி: மலையடிவாரத்துப் பிள்ளைகளுக்கு மேகப் பாடம்

மேகங்களில் பத்து வகை என்று பெரிய வகுப்புப் புத்தகங்களில் பட்டியல் இருக்கிறது. ஐந்தாறு வயதுப் பிள்ளைக்கு மூன்று போதும். மேக வகைகளுக்கு இன்று உலகம் முழுக்கப் புழங்கும் பெயர்களுக்கு அடித்தளம் போட்டவர் லண்டனில் மருந்து தயாரித்துக்கொண்டிருந்த லூக் ஹோவர்டு. 1802-இல் அவர் அடிப்படை வடிவங்களாகச் சொன்னதும் மூன்றுதான்: திரள், படை, கீற்று. மழை கொட்டும் கார்மேகத்தை இவற்றின் கலப்பாகவே அவர் கருதினார்.

ராஜபாளையத்தில் இதைச் சொல்லித்தர ஒரு வசதி உண்டு. பஞ்சாலைகளால் வளர்ந்த ஊர் இது. பொதியிலிருந்து பிதுங்கும் பஞ்சாகத் திரண்டு நிற்பது திரள் மேகம். எட்டாத உயரத்தில் இழுத்துவிட்ட நூலாகக் கிடப்பது கீற்று மேகம். பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியை வானம் முழுக்க விரித்துப் போட்டால் அது படை மேகம். இவ்வளவு சொன்னால் பிள்ளை தானே அண்ணாந்து பார்த்துப் பெயர் வைக்கத் தொடங்கிவிடும்.

ஒப்புமையை அதோடு விட்டுவிட வேண்டும். மேகத்தில் பஞ்சு இல்லை, நீர்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தனித்தனியே தெரியாத நுண்துளிகள். ஏறத்தாழ பத்து லட்சம் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. அவ்வளவு சிறியவை என்பதால் கீழிருந்து எழும் காற்றே அவற்றைத் தாங்கிவிடுகிறது. மேகம் கறுப்பாகத் தெரிவது அழுக்கினால் அல்ல. தடிமன் கூடக் கூட வெயில் ஊடுருவாமல் அடிப்பக்கம் இருண்டுவிடுகிறது.

மேகத்துக்குள் நின்றிருக்கிறாயா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றுதான் சொல்லும். மார்கழி விடியலில் ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியகுளம் கண்மாய்க் கரையில் மூடுபனி இறங்கும்போது கூட்டிப்போனால் பதில் மாறிவிடும். மூடுபனி என்பது தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் படை மேகமேதான். அதே மாதத்தில் கோயிலில் ஒலிக்கும் திருப்பாவையின் நான்காம் பாசுரம், மேகம் கடலில் நீர் முகந்து மேலேறி மழையாவதைப் பாடுவது. மனப்பாடமாகப் பாடும் பிள்ளைக்கு அதன் பொருளையும் சொல்லிவிடலாமே.

உயரத்தை விளக்கக் கோபுரம் உதவும். ஆண்டாள் கோயில் ராஜகோபுரம் 192 அடி. ஒரு கிலோமீட்டர் உயரத்தில் மிதக்கும் தாழ்ந்த திரள் மேகத்தை எட்ட அதுபோல் 17 கோபுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். கீற்று மேகம் அதற்கும் பல மடங்கு மேலே. சித்திரை வெயிலில் நாம் வேகும்போதும் அங்கே உறைநிலைக்குக் கீழான குளிர். அந்த மேகம் முழுக்கப் பனித்துகள்.

இனி இந்த ஊர்ப் பிள்ளைகள் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி. ஆனி, ஆடியில் மேற்கே மலைமேல் மேகம் அப்பிக்கிடக்கிறது. நமக்கு ஏன் மழை இல்லை? 'அது கேரளா மழை' என்று பெரியவர்கள் சொல்லிவிடுவோம். சரியான பதில்தான், காரணம் மட்டும் அதில் இல்லை. அதை ஒரு தண்ணீர் பாட்டிலில் காட்டலாம்.

ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் நான்கு கரண்டி வெதுவெதுப்பான நீர் விடுங்கள். சிவகாசித் தீக்குச்சி ஒன்றைக் கொளுத்தி அணைத்து, அந்தப் புகையைப் பாட்டிலுக்குள் பிடித்து மூடியை இறுக்குங்கள் (இது பெரியவர் வேலை). குலுக்கிவிட்டு, பாட்டிலைப் பலமாக அமுக்கிச் சட்டென்று விடச் சொல்லுங்கள். விட்டதும் உள்ளே வெண்மையாக மேகம் தோன்றும். மறுபடி அமுக்கினால் மறையும். அமுக்கினால் காற்று சூடாகிறது, விட்டால் விரிந்து குளிர்கிறது. குளிர்ந்த காற்றிலிருக்கும் ஆவி, புகைத்துகளைப் பற்றிக்கொண்டு துளியாகிறது. வானத்தில் தூசியும் கடலுப்பும் அந்த வேலையைச் செய்கின்றன.

மலையில் நடப்பதும் இதுதான். அரபிக்கடல் காற்று கேரளச் சரிவில் ஏறும்போது விரிந்து குளிர்ந்து மேகமாகி அங்கேயே கொட்டிவிடுகிறது. உச்சியைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அமுங்கிச் சூடாகிறது, மேகம் கரைகிறது. மலைமேல் அசையாமல் கிடப்பதாகத் தெரிவது ஒரே மேகம் அல்ல. அந்தப் பக்கம் புதிது உருவாகிக்கொண்டும் இந்தப் பக்கம் பழையது கரைந்துகொண்டும் இருக்கிறது. பைனாகுலர் இருந்தால் கொடுத்துப் பாருங்கள், விளிம்பு கரைவதைப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். இடுக்கி மாவட்டத்தில் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரைத் தாண்டுவதும் விருதுநகர் மாவட்டத்தில் சுமார் 800-இல் நிற்பதும் இதனால்தான். ஐப்பசியில் காற்று கிழக்கிலிருந்து திரும்பி வீசும்போது அதே மலை நமக்காக மேகத்தை மறிக்கும்.

வகைகளில் ஒன்றை மட்டும் கட்டாயம் அடையாளம் காணப் பழக்க வேண்டும் என்றால் நான் கார்திரள் மேகத்தைச் சொல்வேன். கோடையில் காலைத் திரள் மேகம் மதியத்துக்குள் கோபுரமாக எழும்பி, 15 கிலோமீட்டர் வரைகூட உயர்ந்து, உச்சி தட்டையாகப் பரவும். இடி, மின்னல், பெருமழை எல்லாம் இதன் வேலை. அய்யனார் கோயில் ஆற்றிலோ செண்பகத்தோப்பு ஓடையிலோ குளிக்கும்போது தலைக்குமேல் வெயில் அடிக்கலாம். மலைக்குள் இந்த மேகம் கொட்டிக்கொண்டிருந்தால் சற்று நேரத்தில் வெள்ளம் வந்துவிடும். 2015 மே மாதம் சதுரகிரியில் இப்படித் திடீரென வந்த வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள்.

மின்னியதும் எண்ணச் சொல்லிக்கொடுங்கள். இடி கேட்கும் வரையான நொடிகளை மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் தள்ளி என்று தெரியும். முப்பது எண்ணுவதற்குள் கேட்டுவிட்டால் ஆற்றையும் மரத்தடியையும் விட்டு வீட்டுக்குள் போய்விட வேண்டும். எண்ணத் தெரியாத தம்பி தங்கைக்குக் கணக்கே வேண்டாம். இடி காதில் விழுந்தாலே உள்ளே.