குரங்கணி ஏற்றமும் செல்போன் கணக்கும்

குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் பாதையில் ஏறுகிறவரின் சட்டைப்பையில் செல்போன் இருந்தால், சிக்னல் போன பிறகும் அது காலடிகளை எண்ணிக்கொண்டேதான் இருக்கும். எண்ணுவது டவர் அல்ல, போனுக்குள் இருக்கும் அசைவு உணரி. ஆனால் அதற்கு மேடு பள்ளம் தெரியாது. போடி கடைவீதியில் நடந்த ஆயிரம் அடியும், மூச்சு வாங்க மலையேறிய ஆயிரம் அடியும் அதன் கணக்கில் ஒன்றுதான். காற்றழுத்தத்தை அளக்கும் கருவி உள்ள சில போன்கள் மட்டும் ஏறிய உயரத்தையும் குறித்துக்கொள்ளும்.

ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவரிடம் போய், தினமும் பத்தாயிரம் அடி நடங்கள் என்றால் சிரிப்பார். அந்தப் பத்தாயிரமும் மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயரிலிருந்து பிறந்தது. இந்தக் கணக்கு தேவைப்படுவது மலைக்குக் கீழேதான். போடியில் ஸ்பைசஸ் போர்டின் மின் ஏலத்தில் வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துதான் ஏலக்காய்க்கு விலை கேட்கிறார்கள்.

ஆனால் எத்தனை அடி என்று தெரிந்துவிட்டால் மட்டும் பழக்கம் மாறிவிடுமா? சென்னை நீரிழிவு நிபுணர் அ. ராமச்சந்திரன் குழுவினர், லண்டன் இம்பீரியல் கல்லூரியுடன் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த, வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேரை எடுத்துக்கொண்டார்கள். உணவு, உடற்பயிற்சி பற்றிய அறிவுரை எல்லோருக்கும் உண்டு. ஏறக்குறைய பாதிப் பேருக்கு மட்டும் கூடவே எஸ்.எம்.எஸ். போய்க்கொண்டிருந்தது. இரண்டு ஆண்டு முடிவில், அறிவுரை மட்டும் கேட்டவர்களில் 73 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது, அதாவது 27 சதவீதம். எஸ்.எம்.எஸ். பெற்றவர்களில் 50 பேர், 18 சதவீதம்.

இதற்கு ஸ்மார்ட்போன்கூடத் தேவைப்படவில்லை. எல்லோருக்கும் ஒரே செய்தி போகவில்லை என்பதுதான் விஷயம். மாறலாமா என்று யோசிப்பவருக்கு ஒன்று, மாறத் தொடங்கிவிட்டவருக்கு வேறொன்று. ஆளறியாமல் ‘சபாஷ்’ போடும் இன்றைய செயலிகள் பலவற்றைவிட அந்தப் பழைய எஸ்.எம்.எஸ். மேல்.

ஆளறிந்து சொல்ல வேண்டுமானால் தகவல் வேண்டும், சிக்கலும் அங்கேதான். எப்போது நடக்கிறோம், எப்போது தூங்குகிறோம் என்பதெல்லாம் விளம்பரக்காரர் கைக்கும் போகலாம். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமை 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அடி எண்ணும் செயலிக்கு உங்கள் போனில் உள்ள நம்பர்களும் மைக்கும் எதற்கு? செட்டிங்ஸில் அனுமதிப் பட்டியலைத் திறந்து, வேண்டாதவற்றை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.