பூமியின் வயதும் பெட்ரோல் புகையும்

பேராசிரியர்களின் ஆய்வால் ஊருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு, பெட்ரோலிலிருந்து ஈயம் ஒழிந்த வரலாறு நல்ல விடை. அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கிளேர் பேட்டர்சன் தேடியது பூமியின் வயதை. விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து, 1956-இல் 455 கோடி ஆண்டுகள் என்று அறிவித்தார். அவ்வளவு நுட்பமாக அளக்க, ஆய்வகக் காற்றிலும் தூசியிலும் கலந்திருந்த ஈயத்தை முதலில் அகற்ற வேண்டியிருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்ற அடுத்த கேள்வி அவரை வாகனப் புகையிடம் கொண்டு சேர்த்தது. மனிதர்கள் இயற்கை அளவைப் பல மடங்கு மிஞ்சிய ஈயத்தைச் சுமக்கிறார்கள் என்று 1965-இல் எழுதினார்.

பல்கலைக்கழக ஆய்வு விலைபோகாதா என்று கேட்கலாம். போகும். சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் ராபர்ட் கீஹோ, தொழில்துறையின் நிதியில் ஆய்வு நடத்தி, ஈயத்தால் மக்களுக்கு ஆபத்தில்லை என்று பல பத்தாண்டுகள் வாதாடினார். ஆனால் அவரை மறுத்ததும் சுதந்திரமாக நடந்த இன்னொரு ஆய்வுதான்.

பயன் தெரிந்த ஆய்வுக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதாதா? பூமியின் வயதுக்கான விண்ணப்பத்தில் குழந்தைகளின் உடல்நலம் என்ற பயனை யாரும் எழுதியிருக்க முடியாது. மருத்துவ ஆய்வுகளும் அரசு விதிகளும் சேர்ந்தே ஈயத்தை விரட்டின என்பது உண்மை. அமெரிக்கர்களின் ரத்தத்தில் அதன் அளவு 1976-க்கும் 1991-க்கும் இடையில் முக்கால் பங்குக்கு மேல் குறைந்தது. இந்தியா 2000-இல் ஈய பெட்ரோலைக் கைவிட்டது. ஆனால் அளந்து காட்ட ஒருவர் இல்லாமல் எந்த விதியும் பிறந்திருக்காது. அந்தச் சுதந்திரத்துக்குச் செலவிடுவது வீண் அல்ல.