உத்தரவுக்குக் காத்திராத தசை
உடம்புக்குள் ஒரு நடை – 17

குரங்கணியிலிருந்து சென்ட்ரல் வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஏறியவர்கள் மறுநாள் கெண்டைக்காலைத்தான் நீவி விட்டுக்கொள்வார்கள். வலிப்பது அதுதானே! அதே ஏற்றத்தில், வலி என்று ஒரு சொல் முனகாமல் உழைத்த இன்னொரு தசை உண்டு. போன வாரம் எலும்பைப் பற்றியிருக்கும் தசைகளைப் பார்த்தோம். இந்த வாரம் மென்தசை.

மலையேறத் தொடங்கியதும் குடலுக்குப் போகும் சிறு தமனிகளின் சுவரில் மென்தசை இறுகுகிறது. காலுக்குப் போகும் தமனிகளில் தளர்கிறது. ரத்தம் காலுக்குத் திரும்புகிறது. அட்ரினலின் சுரந்து மூச்சுக்குழல்களைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்த, காற்றுக்கு வழி அகலமாகிறது. மேலே போகப்போகக் குளிர்காற்றில் கை மயிர் சிலிர்க்கிறதல்லவா? ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஒட்டியிருக்கும் சின்னஞ்சிறு மென்தசை சுருங்குவதன் விளைவு அது. இதில் எதற்கும் நாம் உத்தரவு போடவில்லை.

நுண்ணோக்கியில் எலும்புத் தசை குறுக்குவரிகளோடு தெரியும். மென்தசையில் வரி கிடையாது. நடுவில் பருத்து, இரு முனையும் கூம்பிய செல். உள்ளே ஒரே உட்கரு. ஆக்டின், மயோசின் என்ற அதே புரதங்கள்தான் இங்கும் இழுக்கின்றன. ஆனால், அவை வரிசை கட்டி நிற்பதில்லை. குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன.

செல்லுக்குள் கால்சியம் நுழைந்ததும் கால்மாடுலின் என்ற புரதத்தோடு சேர்கிறது. அந்தச் சேர்க்கை ஒரு நொதியைத் தூண்ட, நொதி மயோசினில் பாஸ்பேட்டை ஏற்ற, சுருக்கம் தொடங்குகிறது. நிதானமான வழிதான், ஆனால், ஆதாயம் பெரிது. ஆக்டினைப் பிடித்த மயோசின் சட்டென்று விடாது. தாழ்ப்பாள் போட்டதுபோலப் பிடிப்பு நிற்கும். அதே இறுக்கத்தைக் காக்க எலும்புத் தசை செலவிடும் ஆற்றலில் இதற்குப் பத்தில் ஒரு பங்கு போதும். சில இடங்களில் முந்நூறில் ஒரு பங்கே போதும். ரத்தக்குழாய்கள் ஆயுள் முழுக்க இறுகி நின்றும் களைப்படையாத ரகசியம் இதுதான்.

குடலில் இறுக்கத்தோடு தாளமும் உண்டு. இரைப்பையில் நிமிடத்துக்கு 3 அலை, சிறுகுடலின் தொடக்கத்தில் சுமார் 12. தாளம் போடுபவை கஹால் செல்கள். ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ கஹாலின் பெயர் தாங்கியவை.

இந்தக் குடல் தசையோடு ஏலமலைக்கும் ஓர் உறவு இருக்கிறது. போடி ஏல மையத்தில் வியாபாரிகள் உள்ளங்கையில் உருட்டி, நிறமும் பருமனும் பார்த்து விலை கேட்கும் ஏலக்காயை, விருந்து முடிந்ததும் வயிறு லேசாகட்டும் என்று மெல்லுகிறோம். கராச்சி ஆகா கான் பல்கலைக்கழகத்தின் கிலானி குழு 2008இல் வெளியிட்ட ஆய்வில், தானாகச் சுருங்கி விரிந்துகொண்டிருந்த முயல் குடல்துண்டு ஏலக்காய்ச் சாறு பட்டதும் தளர்ந்தது. கால்சியம் நுழையும் வாசலைச் சாறு அடைக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரும் வெராபமில் மாத்திரை செய்வதும் இதையே. ஆனால், அதே சாறு கினிப்பன்றியின் குடலைச் சுருங்கவும் வைத்தது! மந்தமான குடலை முடுக்கவும், முறுக்கிய குடலை இளக்கவும் நாட்டு வைத்தியம் ஒரே காயை நாடியதற்கு இதில் விளக்கம் கிடைக்கிறது.

அதற்காக ஏலக்காயை நம்பி ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. குடல்துண்டின் மேல் நேரே விட்ட சாறும், நாம் மெல்லும் இரண்டு காயும் ஒன்றல்ல.

அடுத்த வாரம்: வரியும் உண்டு, உத்தரவும் வேண்டாம் என்னும் இதயத் தசை.