சினைப்பை நீர்க்கட்டி: தாய் வழியா? தந்தை வழியா?

இத்தாலி நாட்டில் வல்லிஸ்னேரி என்று ஒரு டாக்டர் இருந்தார். 1721-ம் ஆண்டில் அவர் ஒரு குடியானவப் பெண்ணைப் பற்றி எழுதி வைத்தார்.

அவள் இளம் பெண். மணம் ஆனவள். சற்றுப் பருமனான உடம்பு. பிள்ளை இல்லை. அவளுடைய சினைப்பைகள் இரண்டும் வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தன. மேடு பள்ளமாக, வெளுத்து, பளபள என்று, புறா முட்டை போலத் தோன்றின.

இது ஏன் என்று சொல்ல அந்தக் காலத்தில் ஆள் இல்லை.

அவளுக்கு இருந்தது "பி.சி.ஓ.எஸ்." என்ற நோயாக இருக்கலாம் என்று இன்றைய டாக்டர்கள் கருதுகிறார்கள். நம் வீடுகளில் "நீர்க்கட்டி" என்று சொல்கிறார்களே, அதுதான். பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் 100-க்கு 6 முதல் 13 பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டு இருக்கிறது.

மகளுக்கு இந்த நோய் என்று டாக்டர் சொன்னதும், வீட்டில் ஒரு கேள்வி எழும். "இது யாரால் வந்தது?"

மாமியார் வீட்டில் சம்பந்தி அம்மாளைக் கை காட்டுவார்கள். பெற்ற தாய் தன்னையே நொந்துகொள்வாள். "கண்டதைத் தின்றாய், வந்தது" என்று பெண்ணைத் திட்டுகிறவர்களும் உண்டு.

இந்தக் கேள்விக்கு இப்போது பெரும் அளவு பதில் கிடைத்து இருக்கிறது.

சிகாகோவில் 7 பெண்கள்

ஸ்டைன், லெவந்தால் என்ற இரண்டு டாக்டர்கள் அமெரிக்காவில், சிகாகோ நகரத்தில் இருந்தார்கள். அவர்களிடம் 7 பெண்கள் வந்தார்கள். மாதவிலக்கு சரியாக வராத பெண்கள்.

டாக்டர்கள் ஆபரேஷன் செய்தார்கள். பழத்தில் கீற்று அறுத்து எடுப்பதுபோல, சினைப்பையில் ஒரு பகுதியை அறுத்து எடுத்தார்கள்.

ஏழு பேருக்கும் மாதவிலக்கு திரும்பியது! இரண்டு பேர் கர்ப்பம் ஆனார்கள்.

1935-ம் ஆண்டில் இந்தச் செய்தி வெளியாயிற்று. அதற்குப் பிறகு பல காலம் இந்த நோயை "ஸ்டைன்-லெவந்தால் நோய்" என்றே அழைத்தார்கள். இன்று எடுத்த எடுப்பில் கத்தியைத் தூக்குவது இல்லை. மாத்திரைகள் வந்துவிட்டன.

கட்டியே அல்ல!

கட்டி என்றதும் பயப்பட வேண்டாம். உண்மையில் அவை கட்டிகளே அல்ல.

பெண்ணின் சினைப்பையில் கருமுட்டைகள் சின்னஞ்சிறு பைகளுக்குள் இருக்கின்றன. மாதம் ஒரு முட்டை முற்றி, பையை விட்டு வெளியே வரவேண்டும். இந்த நோயில், பைகள் பாதி வளர்ந்து, அப்படியே நின்றுவிடுகின்றன. அவைதான் ஸ்கேன் படத்தில் முத்துச்சரம் போலத் தெரிகின்றன.

ஏன் நிற்கின்றன? ஆண்களுக்கு மீசை முளைக்கச் செய்யும் ஹார்மோன், பெண்கள் உடம்பிலும் கொஞ்சம் உண்டு. இந்த நோயில் அது கூடிவிடுகிறது. அதனால்தான் சில பெண்களுக்கு மேல் உதட்டிலும் முகவாயிலும் முடி வளர்கிறது. முகப்பரு வருகிறது.

சர்க்கரையை அடக்கும் இன்சுலினுக்கும் இதில் பங்கு உண்டு. பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்வது இல்லை. அதை ஈடுகட்ட உடம்பு மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த இன்சுலின், சினைப்பையைத் தூண்டி, ஆண் ஹார்மோனை இன்னும் கூட்டிவிடுகிறது.

அக்காள், தங்கை

நோய் உள்ள பெண்களின் அக்காள் தங்கைகளை அமெரிக்காவில் கூப்பிட்டுச் சோதித்தார்கள். 1998-ல் முடிவு வந்தது. மொத்தம் 115 பேர். அவர்களில் 100-க்கு 22 பேருக்கு இதே நோய் இருந்தது. இன்னும் 24 பேருக்கு மாதவிலக்கு ஒழுங்காக வந்தது. ஆனால், ரத்தத்தில் ஆண் ஹார்மோன் அதிகம்!

ஆகவே, இது குடும்பத்தில் ஓடுகிறது. ஆனால், குடும்பம் என்றால் ஒரே ரத்தம் மட்டும் அல்லவே? ஒரே அடுப்பு, ஒரே சாப்பாடு. இது ரத்தத்தில் வந்ததா, சாப்பாட்டில் வந்ததா?

இதைப் பிரித்துச் சொல்ல இரட்டையர்கள் வேண்டும். நெதர்லாந்து நாட்டுக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். ஏராளமான இரட்டையர்களின் பெயரைப் பேரேட்டில் எழுதி வைத்து இருக்கிறார்கள்.

இரட்டையரில் இரண்டு வகை. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்கள் ஒரு வகை. அவர்களுக்கு மரபணு எல்லாம் ஒன்றே. இரண்டு முட்டையில் இருந்து பிறந்தவர்கள் இன்னொரு வகை. அவர்கள் சாதாரண அக்காள் தங்கை மாதிரிதான். இரண்டு வகையும் ஒரே வீட்டில், ஒரே சோறு தின்று வளர்கிறார்கள். அதனால், வித்தியாசம் தெரிந்தால் அது மரபணுவின் வேலை.

2006-ல் கணக்கு வெளிவந்தது. முழு ஒற்றுமைக்கு 1 மார்க், ஒற்றுமையே இல்லை என்றால் 0 என்று வையுங்கள். ஒரே கருவில் பிறந்தவர்களுக்கு 0.71. மற்றச் சகோதரிகளுக்கு 0.38 மட்டுமே!

மரபின் பங்கு 100-க்கு சுமார் 70 என்று கணக்கிட்டார்கள். இதைத் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. தாய்க்கு இருந்தால் 100 மகள்களில் 70 பேருக்கு வரும் என்று அர்த்தம் அல்ல. ஒருத்திக்கு வருகிறது, ஒருத்திக்கு வரவில்லை. அந்த வித்தியாசத்தில் பெரும் பங்கு மரபணுவால் ஆனது என்று அர்த்தம்.

ஒன்று அல்ல, பல

ஒரே ஒரு மரபணுதான் குற்றவாளி என்று 1968-ல் சில டாக்டர்கள் நினைத்தார்கள். அது சரி இல்லை.

2011-ல் சீனாவில், ஆயிரக்கணக்கான பெண்களின் ரத்தத்தை ஆராய்ந்தார்கள். மரபணு ஏட்டில் 3 இடங்களில் வித்தியாசம் கண்டார்கள். அவற்றில் ஒன்று மிக முக்கியமான இடம். மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி, சினைப்பைக்குக் கட்டளை அனுப்புகிறது. அந்தக் கட்டளையைக் கேட்கும் "காது" எப்படி அமைய வேண்டும் என்று எழுதி இருக்கும் இடம் அது!

2018-ல் ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களின் கணக்கு வந்தது. நோய் உள்ளவர்கள் 10 ஆயிரம் பேர். இல்லாதவர்கள் ஒரு லட்சம் பேர். 14 இடங்கள் தெரிந்தன. சீனாவில் கண்ட சில இடங்கள் இங்கேயும் இருந்தன. சீனாக்காரியும் வெள்ளைக்காரியும் வேறு வேறு ஆவதற்கு முன்பே, நம் எல்லோருக்கும் பொதுவான பாட்டிமார் காலத்தில் இருந்தே இது வந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

ஒவ்வொரு இடமும் செய்வது கொஞ்சம்தான். பல சேரும்போதுதான் நோய் வருகிறது. அதனால், ஒரு சொட்டு ரத்தத்தில் மரபணுவைப் பார்த்து "உனக்கு வரும், உனக்கு வராது" என்று சொல்லும் சோதனை டாக்டர்களிடம் இல்லை.

அப்பா தப்ப முடியாது!

பிள்ளையின் மரபணுவில் பாதி தாய் தருவது. பாதி தகப்பன் தருவது. தகப்பனுக்குச் சினைப்பை இல்லை. ஆனால், அந்த மரபணுக்கள் அவரிடமும் இருக்கலாம்.

பிரிட்டனில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஆண்களின் மரபணுவை ஆராய்ந்து 2022-ல் வெளியிட்டார்கள். இந்த நோய்க்கு உரிய மரபணுக்கள் கூடுதலாக உள்ள ஆண்களுக்கு, உடல் பருமனும் சர்க்கரை வியாதியும் தலை வழுக்கையும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தன.

சம்பந்தி அம்மாளைக் கை காட்டுகிறவர்கள், சம்பந்தியின் தலையையும் ஒரு முறை பார்க்கலாம்.

மகள் விஷயத்தில்

வயதுக்கு வந்த முதல் சில ஆண்டு, மாதவிலக்கு முன்பின்னாக வருவது சகஜம். 3 ஆண்டு கழிந்தும், 35 நாளுக்கு மேல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தால், டாக்டரிடம் காட்டவேண்டும். வயதுக்கு வந்து 8 ஆண்டு ஆகும்வரை, ஸ்கேன் படத்தைக் கொண்டு இந்த நோயை முடிவு செய்யக் கூடாது என்று உலக நாடுகளின் டாக்டர்கள் கூடி விதி எழுதி இருக்கிறார்கள். அந்த வயதில் நல்ல உடம்பு உள்ள பெண்ணுக்கும் முத்துச்சரம் தெரியும்.

நோய் உள்ள பெண்களில் பலர் பிள்ளை பெறுகிறார்கள். முட்டை வெளிவருவதற்கு மாத்திரை உண்டு. பருமனான பெண் உடம்பைக் கொஞ்சம் குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு திரும்புகிறது. ஒல்லியான பெண்ணுக்கும் இந்த நோய் வரும். அவளைப் பட்டினி போடுவதில் பயன் இல்லை.

ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்கவேண்டும். ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பார்த்துவர வேண்டும். டாக்டர், "வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா?" என்று கேட்பார். அப்போது தாய் வீட்டுக் கதையோடு நிறுத்திவிடாமல், அப்பாவுக்கு உள்ளதையும், அத்தைக்கு உள்ளதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.